கேழ்வரகு நல்லது, எதற்குப் பதிலாக?

2015 மார்ச் கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒரு நல்ல செய்தி கிளம்பியது. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் தினமும் கொஞ்சம் கறுப்புச் சாக்லேட்டும் தின்றால் எடை இன்னும் வேகமாக இறங்குமாம். அந்த நாட்டின் பெரிய நாளிதழான 'பில்ட்' வெளியிட்டது. பிறகு பல நாடுகளின் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எடுத்துப் போட்டன. ஆய்வு செய்தவர் பெயர் யோஹானஸ் போஹானன். அவர் நடத்திய அமைப்புக்கு 'உணவு மற்றும் ஆரோக்கியக் கழகம்' என்று பெயர். இரண்டே மாதத்தில் அவரே வந்து குட்டை உடைத்தார். அவர் ஜான் போஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். கழகம் என்பது வெறும் இணையதளம். உணவுச் செய்திகள் எவ்வளவு சுலபமாக உருவாகின்றன என்று காட்டுவதற்காக ஓர் ஆவணப்படக் குழுவோடு சேர்ந்து செய்த வேலை அது.

வேடிக்கை என்னவென்றால், ஆய்வு நிஜமாகவே நடந்தது. எண்ணிக்கைகளில் பொய் இல்லை. ஆட்களை மூன்று குழுவாகப் பிரித்து, மூன்று வாரம் வெவ்வேறு விதமாகச் சாப்பிட வைத்து, எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 சங்கதிகளை அளந்தார்கள். கடைசியில் கணக்கில் வந்தவர்கள் 15 பேர். இத்தனை குறைவான ஆட்களிடம் இத்தனை சங்கதிகளை அளந்தால், ஏதாவது ஒன்றிரண்டு தற்செயலாகவே ஏறியோ இறங்கியோ தெரியும். எடை மாறித் தெரிந்தது, எடை தலைப்பாயிற்று. தூக்கம் மாறியிருந்தால் 'சாக்லேட் தின்றால் நன்றாகத் தூங்கலாம்' என்று வந்திருக்கும்.

இதைவிட யோசிக்க வைக்கும் ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. ஜொனாதன் ஷோன்ஃபெல்ட், ஜான் ஐயானிடிஸ் என்ற இருவர் ஒரு பழைய அமெரிக்கச் சமையல் புத்தகத்தைத் திறந்து, கண்ணில் பட்ட 50 பொருள்களைப் பட்டியலிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு சொல்லும் ஆய்வுகள் உண்டா என்று தேடினார்கள். 40 பொருள்களுக்கு இருந்தன. ஒரே பொருள் புற்றுநோயைக் கூட்டும் என்று சில, குறைக்கும் என்று சில. காலையில் 'சாப்பிடாதீர்கள்' என்றும் மாலையில் 'கட்டாயம் சாப்பிடுங்கள்' என்றும் தகவல் வருவதில் ஆச்சரியம் இல்லை. இரண்டுக்கும் எங்கோ ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது.

எண்களைச் சொல்லும் விதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சொன்னது. கேட்டதும் நூற்றில் 18 பேருக்கு வந்துவிடும் என்று தோன்றும். இந்த நோய் அதிகமாக உள்ள பிரிட்டன் போன்ற நாட்டில் வாழ்நாளில் நூற்றில் சுமார் ஐந்து பேருக்கு வரக்கூடியது, சுமார் ஆறு பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். அலட்சியம் செய்யக்கூடிய விஷயம் இல்லை, அலற வேண்டியதும் இல்லை. 'இத்தனை விழுக்காடு கூடும்' என்று யாராவது சொன்னால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேட்காமல் விடக்கூடாது.

ஆனால் இந்தச் செய்திகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது வேறொன்று. ஒரு பொருளை நல்லது, கெட்டது என்று பிரிப்பது தலைப்பு போடுகிறவருக்கு வசதி. சாப்பிடுகிறவருக்கு வயிறு அளவானது. ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போகும். அந்த இன்னொன்று எது என்று தெரியாதவரை, வந்தது நன்மை செய்யுமா என்று சொல்ல வழியில்லை.

வெண்ணெய்க்கு நடந்ததே இதற்குச் சாட்சி. வெண்ணெயில் உள்ள நிறைகொழுப்பு இதயத்துக்கு ஆகாது என்று மேலை நாடுகளில் சொல்லப்பட்டதும், கோடிக்கணக்கான குடும்பங்கள் மார்ஜரினுக்கு மாறின. இங்கே நெய்க்குப் பதில் வனஸ்பதி வந்தது விலைக்காக. இரண்டிலும் எண்ணெயைக் கெட்டிப்படுத்தும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இருந்தது. 1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் என்ற இரு ஆய்வாளர்கள், அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுவதோடு நல்ல கொலஸ்ட்ராலையும் குறைக்கிறது என்று காட்டினார்கள். நிறைகொழுப்பைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை தவறில்லை. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிட மோசம். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

முட்டையின் கதை இதற்கு நேர்மாறு. வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 1968-இல் சொன்னது. உணவில் உள்ள கொலஸ்ட்ரால் ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலைப் பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவாகக் கூட்டுவதில்லை என்று பின்னாளில் தெளிந்தபிறகு, நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015-இல் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நம்மூரில் அப்பா மஞ்சள் கருவை ஒதுக்கி வைக்க, பிள்ளை சத்துணவில் முழு முட்டை சாப்பிட்டது. பிள்ளையின் தட்டில் சோற்றுக்கும் சாம்பாருக்கும் பக்கத்தில் வந்த ஆறு கிராம் புரதம் அது. அமெரிக்கத் தட்டில் அதே முட்டைக்குப் பக்கத்தில் பன்றி இறைச்சியும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் இருந்தன.

அரிசியும் நெடுங்காலமாக இப்படிப்பட்ட வழக்கில் சிக்கிய பொருள்தான். இந்த வழக்கின் முதல் விசாரணை நடந்த இடம் குன்னூர்.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையை ஒதுக்கி, பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட்டது. தலைவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்த ஓர் அறையிலிருந்து வளர்ந்தது. 1958-இல்தான் அது மலையிறங்கிப் போனது. பெரிபெரி, பி1 வைட்டமின் குறைவால் கால் மரத்து, வீங்கி, இதயம் தளரும் நோய். அன்றைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வட சர்க்கார் தெலுங்கு மாவட்டங்களில் அது பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்தன. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்தில் நெல் அவித்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஆனாலும் அந்தப் பழக்கம் உயிர்களைக் காத்தது.

அதே மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்து முதலிடம் பிடித்தன. 'மதராசி' உணவு தின்றவை கடைசி. கோதுமை உசத்தி, அரிசி மட்டம் என்ற பேச்சுக்கு அன்று கிடைத்த பலம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தத் தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சீக்கியத் தட்டில் முழுக்கோதுமை ரொட்டியோடு பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம், எப்போதாவது இறைச்சி. மதராசித் தட்டில் தீட்டிக் கழுவிய அரிசிச் சோறும், அதைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவையும். எலிகள் சொன்னது தானியத்தின் தீர்ப்பு மட்டும் இல்லை. தட்டில் சோறு பிடித்துக்கொண்ட இடத்தின் தீர்ப்பும்கூட.

நூறாண்டு கழித்து அதே கேள்வி வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி என்று 2023-இல் கணக்கிட்டது. ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் அதே ஆண்டுதான். கேழ்வரகு, சாமை, வரகு எல்லாம் கண்ணாடி பாட்டிலில் ஏறி, விலையும் ஏறியது. சர்க்கரை நோய்க்கு அதுதான் மருந்து என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது.

2025-இல் அதே ஆய்வுக் குழு நாடு முழுவதும் மக்கள் சாப்பிடுவதை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டது. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மொத்தக் கலோரியில் 5 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பால் போன்ற புரத உணவுகளுக்கு மாற்றிக்கொண்டால் அபாயம் குறைவாக இருந்தது. இதுவும் ஒவ்வொருவரிடமும் ஒரே முறை எடுத்த கணக்கெடுப்புதான். இதனால் இது நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் போஹானனின் 15 பேரோடு ஒப்பிடக்கூடிய சங்கதியும் இல்லை.

கேழ்வரகின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். பால் பிடிக்காதவர்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் அது பெரிய விஷயம். இடியாப்பத்துக்குப் பதில் கேழ்வரகு அடை, கூடவே முருங்கைக்கீரை என்றால் லாபம். மூன்று வேளைச் சோற்றுக்கும் மேலே ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி என்றால், நைசாக அரைத்த மாவு வேகமாகச் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

ஆய்வு சொன்ன அந்த 5 விழுக்காடு என்றால் எவ்வளவு? நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 100 கலோரி. கிட்டத்தட்ட இரண்டு இட்லி. காலையில் ஐந்து இட்லி சாப்பிடுகிறவர் மூன்றோடு நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ வேகவைத்த முட்டையோ வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் 17 வழிகாட்டு நெறிகளைப் புதுப்பித்து வெளியிட்டது. 2,000 கலோரிக்கான ஒருநாள் தட்டு அதில் இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து 85, காய்கறியும் கீரையும் 400, பழம் 100, கொட்டை, எள் போன்ற வித்துக்கள் 35, எண்ணெய் 27, பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைக்காத எடை. நல்ல பட்டியல்தான், ஆனால் எந்த வீட்டிலும் வேளாவேளைக்குத் தராசு வைத்து யாரும் சமைப்பதில்லை. அதைத் தட்டுக் கணக்காக வைக்காமல் மளிகைக் கணக்காக மாற்றினால் உபயோகப்படும்.

பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதக் கணக்கு போட்டால், எண்ணெய் சுமார் மூன்றரை லிட்டர். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான். கடையில் வாங்கும் வடையும் மிக்சரும் இதற்குள் அடங்க வேண்டும். உப்பு, ஆளுக்கு நாளுக்கு 5 கிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவின்படி, 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பிஸ்கட்டில் இருப்பதையும் கழித்துக்கொண்டு பார்த்தால், ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாளைக்கு மேல் ஓட வேண்டும். தானியம் 30 கிலோ. இட்லி அரிசி, கோதுமை மாவு, ரவை, சேமியா உட்பட. பருப்பு, பயறு வகை, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து பத்து கிலோவுக்கு மேல்.

பட்டியலைக் கையில் வைத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பருப்பு வரியில் நின்றுவிடுவார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ 30 ரூபாய்க்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் வெளிச்சந்தை விலைதான். தட்டில் சோறு மலையாகவும் குழம்பு நீராகவும் இருப்பதற்கு அறியாமை மட்டும் காரணம் இல்லை. விலையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் 'புரதம் சாப்பிடுங்கள்' என்று உபதேசிப்பது பாதி உண்மை. கைக்கு அடக்கமாகச் செய்யக்கூடியது சாம்பாரைக் கெட்டியாக்குவது, பொரியலில் ஒரு கை பாசிப்பருப்பு போடுவது, மாலை முறுக்குக்குப் பதில் வேர்க்கடலை அவிப்பது.

ஆளுக்கு எவ்வளவு புரதம்? எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் வகுத்த அளவு. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். நூறு கிராம் துவரம் பருப்பில் 22 கிராம் அளவுக்கு இருக்கிறது. டப்பாவில் விற்கும் புரதப் பொடி சாமானியருக்குத் தேவையில்லை என்று அதே 2024 வழிகாட்டி வெளிப்படையாகச் சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் பருப்புக் கணக்கே வேறு. அதை அவர்களுடைய மருத்துவர்தான் போட்டுத் தரவேண்டும்.

'பதிலாக' என்ற சாக்கில் ஏமாற்று வேலையும் நடக்கிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன். ருசியில் ஒவ்வொன்றும் ஒரு ராஜ்ஜியம். கருப்பட்டிக் காபிக்கு ஈடு கிடையாது. ரத்தத்துக்கு எல்லாம் சர்க்கரைதான். வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டு என்பது மெய். காபியில் போடும் ஒரு கரண்டியில் வரும் இரும்பு ஒரு பிடி கீரைக்குக் காணாது. எண்ணெய் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் குறிப்பிடும்படி கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. தேங்காய் எண்ணெயிலும் இல்லைதான், ஆனால் அதில் சுமார் 90 விழுக்காடு நிறைகொழுப்பு. செக்கில் ஆட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. அவியலுக்கும் ஆப்பத்துக்கும் அதை விடவேண்டாம். எல்லாச் சமையலுக்கும் அது ஒன்றே போதும் என்பதுதான் சிக்கல்.

பாக்கெட்டின் முன்பக்கத்தைப் படிப்பதில் பெரிய பயனில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது சட்டம். 'மல்டி கிரெய்ன்' என்று பெயர் போட்ட பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமாயில் என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. குழந்தைகளுக்கான மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வரிசையில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை.

இந்தப் பாக்கெட் உணவுகளில் சர்க்கரையும் உப்பும்தான் குற்றவாளிகளா? அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் கெவின் ஹால் 2019-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவும் கொடுத்தார். பரிமாறிய இரண்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை கூடினார்கள். ஆட்கள் குறைவுதான், காலமும் குறைவுதான். ஆனால் ஒரே ஆளை இரண்டு விதமாகவும் சாப்பிட வைத்து, தின்றதையெல்லாம் அளந்த சோதனை என்பதால் இதற்கு எடை அதிகம். இந்தப் பாக்கெட்டுகள் பெரும்பாலும் மாலை நான்கு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் பிரிக்கப்படுகின்றன. முன்பு அந்த வேளைகளில் வீட்டில் ஒரு வாழைப்பழமோ பொட்டுக்கடலையோ இருந்தது, அல்லது ஒன்றுமே இல்லை.

சில சமயம் பொருளை மாற்றவே வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 53.4 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரையிலும் கம்பிலும் இரும்புச்சத்து இருந்தும், தாவர உணவின் இரும்பை உடல் சிரமப்பட்டுத்தான் உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயிலும் காபியிலும் உள்ள டானின் அதையும் தடுக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காயில் உள்ள சி வைட்டமின் இரும்பை உறிஞ்ச உதவுகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று 2024 வழிகாட்டி சொல்வது அந்த டானினால்தான். காலை டிபனோடு காபி என்பது பல வீடுகளில் அசைக்க முடியாத வழக்கம். அதைவிட மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுவலகத்திலும் வயலிலும் வரும் டீயை மூன்று மணிக்குத் தள்ளுவது சுலபம். கீரை சமைக்கும் நாளில் சோற்றோடு அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளலாம்.